அடுப்புக்கு மேலே ஓர் ஆணி

காலையில் தேநீர் பொங்கி வரும்போது என் வலது கை தானாக மேலே போகிறது. அடுப்புக்கு மேலே, கண் மட்டத்தில், சுவரில் ஓர் ஆணியைத் தேடுகிறது. அந்த ஆணியில் இடுக்கி தொங்கும். பார்க்காமலே எடுத்துப் பாத்திரத்தைப் பிடித்து இறக்கிவிடலாம். தாராவியில் அப்படித்தான் இருந்தது. இங்கே பம்மலில் பல மாதங்கள் என் விரல்கள் வெறும் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பின. அதற்குள் தேநீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிடும். துணியைத் தேடி எடுத்து இறக்குவதற்குள் விரல் சுட்டுவிடும். வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. கண்ணுக்கும் காலுக்கும் இந்த ஊர் பழகிவிட்டது. கைக்கு மட்டும் நெடுநாள் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பம்பாயில் இருக்கும் நம் ஆட்களுக்கும், என்னைப் போல் அங்கிருந்து கிளம்பி வந்து எங்கெங்கோ தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான்காம் வகுப்புவரைதான் படித்தேன். பிறகு பை தைக்கும் பட்டறை. தைத்த பை சப்பிப் போகாமல் இருக்க உள்ளே பழைய பத்திரிகைகளைத் திணிப்போம். திணிப்பதற்கு முன் அவற்றைப் படித்துப் படித்துத்தான் தமிழ் எழுத்து மறக்காமல் இருந்தது. பட்டறை மூடிய பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் திருமுடிவாக்கத்தில் இரும்பு பீரோ செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. தமிழ்நாடுதானே, நம்ம ஊர்தானே என்று நீங்கள் எல்லோரும் சொல்லி அனுப்பினீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்த புதிதில் டீக்கடைக்காரர் கேட்டார், "சொந்த ஊரு எதுண்ணா?" பம்பாய் என்றேன். "அது சரிண்ணா, சொந்த ஊரு?" பிறந்ததே அங்கேதான் என்றேன். "அதான் சரின்றேனே, சொந்த ஊரக் கேக்கறேன்." கடைசியில் அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்று டீயை நீட்டினார். அப்பாவின் ஊரை நான் இரண்டு கல்யாணங்களுக்காகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பம்பாயில் பிறந்ததிலிருந்து மதராசி. மதராசுக்கே வந்த பிறகு கம்பெனியில் என் பெயர் பம்பாய் அண்ணன்.

நம் கோலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். கோலி என்றால் ஒரே அறை. அதிலேயே சமையல், படுக்கை, சாமி, விருந்தாளி எல்லாம். தரை மனிதர்களுக்கு, சுவர் சாமான்களுக்கு என்பதுதான் கணக்கு. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து மாண்டணி இருக்கும். தட்டு, டம்ளர், கரண்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வைத்த எவர்சில்வர் சட்டம் அது. என் மனைவி முத்துக்கனி வெள்ளிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, திரும்ப அடுக்குவாள். மாலையில் விளக்கைப் போட்டால் அந்த ஒரு சுவர் மட்டும் கல்யாண வீடு மாதிரி மின்னும். வேறு அலங்காரம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பம்மல் வீட்டில் ஓர் அறையும் தனியாகச் சமையலறையும் இருக்கின்றன. இளம்பச்சை பெயின்ட் அடித்த புதுச் சுவர்கள். வீட்டுக்காரர் கஸ்தூரி அக்கா மாடியில் இருக்கிறார். இந்தப் பக்கம் முழுக்க வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது. சாவியைக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார். "எல்லாம் ஓகேண்ணா. சுவத்துல ஆணி மட்டும் அட்ச்சிடாதீங்க. முன்னாடி இருந்தவன் டிவி மாட்றேன்னு சுவத்தையே பேத்துட்டுப் பூட்டான்." சரி அக்கா என்று தலையாட்டினேன். அதனால் என் சாமான்கள் எல்லாம் தரையிலேயே இருந்தன. கரண்டிகள் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் நின்றன. குக்கர் விசில் அடித்தால் நாலு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லும். ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் தாழப் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம் ஒன்றுதான் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி.

சமையல் எனக்குத் தெரியாது. கனி இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறவள், அதனால் எங்கள் வீட்டில் நான் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. இங்கே வந்து போனில் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தனியாளுக்கு மூன்று சாப்பாடு போதும் என்று அவள்தான் சொன்னாள். குக்கரின் அடியில் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், ஒரு தக்காளி. அதன் மேலே சிறிய பாத்திரத்தில் அரிசி. ஒரே அடுப்பில் சோறும் பருப்பும் ஆகிவிடும். பருப்பை மசித்து, சீரகமும் பூண்டும் தாளித்துக் கொட்டினால் இரண்டு வேளைக்கு வரும். இன்னொரு நாள் அதே பருப்பில் தண்ணீரும் புளியும் சேர்த்தால் ரசம். காலையில் போஹா. அவலை அலசி வடிய விட்டு, வெங்காயம், வேர்க்கடலை, பச்சைமிளகாய் தாளித்துப் பிரட்டி, எலுமிச்சை பிழிய வேண்டும். பாவ் என்ற இனிப்பில்லாத பன் மட்டும் கிடைக்கவில்லை. தெருமுனை பேக்கரியில் விவரம் சொல்லிக் கேட்டதற்கு இனிப்பு பன்னை எடுத்துக் கொடுத்தார்கள். இது இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகும் அதைத்தான் வாங்கினேன். என்னைக் கண்டதும் கேட்காமலே கட்டித் தந்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை போஹா நன்றாக வந்துவிட்டது. தனியாகச் சாப்பிட மனம் வராமல் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "இன்னாண்ணா விசேஷம்?" என்றார் கஸ்தூரி அக்கா. விசேஷம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அவலா? சாமிக்குப் படைச்சீங்களா?" என்றார். எங்கள் ஊரில் இதுதான் காலைச் சாப்பாடு என்று விளக்கத் தெரியாமல் தலையை ஆட்டி வைத்தேன். "வெங்காயம்லாம் போட்டுக்கீது?" என்று கேட்டார். "எங்க பக்கம் அப்படித்தான்க்கா" என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் கொஞ்சம் சர்க்கரை இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போஹா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. நிறுத்தினால் சாமி குற்றம் ஆகிவிடும்.

போனில் தினமும் கனி கேட்கும் முதல் கேள்வி, "என்ன வச்சீக?" பருப்பு என்பேன். இரண்டாவது கேள்வி வருவதற்குள் அங்கே யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் மகள் அங்கே பக்கத்துச் சந்தில்தான் இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள். கனி இங்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒருநாள், "ஒரு தடவ வந்து வீட்டப் பாரேன்" என்றேன். "பாக்க என்ன இருக்கு?" "நல்லா வச்சிருக்கேன்." பிறகு, "சரி, தீபாவளி கழிச்சு நாலு நாள் வாரேன்" என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தரையில் தட்டு, பெயின்ட் டப்பாவில் கரண்டி, மூலையில் சுருட்டிய பாய். சொல்லிவிட்டேன், இனி நன்றாக வைத்தாக வேண்டும்.

ஆணி இல்லாமல் ஒரு வீட்டை வீடாக்குவது எப்படி என்று அந்த மாதம்தான் கற்றுக்கொண்டேன். நான் பம்பாயிலிருந்து மூட்டை கட்டி வந்தது கனியின் பழைய சேலைகளில்தான். அவற்றைத் துவைத்து, கிழித்து, மடிப்புத் தைத்தேன். தையல் என் தொழில்தானே. ஜன்னல் கம்பியிலேயே கயிறு கட்டித் திரையாகத் தொங்கவிட்டேன். வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு, தாம்பரம் மார்க்கெட்டில் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு வாங்கிப் போட்டேன். சுவர் உடனே கொஞ்சம் கனிந்த மாதிரி இருந்தது. சமையலறையின் ஒரே அலமாரிப் பலகையில் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, முன்பக்கம் தொங்கும் ஓரத்தைப் பூப்பூவாக வெட்டினேன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்தேன். கம்பெனியில் வெல்டர் டேவிட் கழிவுக் குழாய்களை வெட்டி, முதலாளியிடம் கேட்டுவிட்டு, பாத்திரம் வைக்க ஒரு ஸ்டாண்டு பற்ற வைத்துக் கொடுத்தான். சுவரைத் தொடாமல் தன் காலில் நிற்கும் ஸ்டாண்டு. "ஏண்ணா, ஒரு கொக்கிக்கு இவ்ளோ பேஜாரா? ஒட்டற ஹூக்கு விக்குது, வாங்கி ஒட்டுண்ணா, ஆணியே வாணாம்" என்றதும் அவன்தான். வாங்கி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கொக்கி தரையில் கிடந்தது. கூடவே உள்ளங்கை அளவு பச்சை பெயின்டும். பயந்துபோய் அந்த இடத்தில் பற்பசையைத் தடவி மழுக்கினேன். பச்சைச் சுவரில் வெள்ளைத் திட்டு. மணி பிளான்ட் பாட்டிலை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தேன்.

சென்ட்ரலில் போய்க் கனியை அழைத்துக்கொண்டு, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று வீட்டைப் பார்த்தாள். "என் சேலையைக் கிழிச்சு ஜன்னலுக்குக் கட்டியிருக்கீக." நன்றாக இருக்கிறதா என்றேன். "நான் உடுத்தப்போ ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப தெருவே பாக்குது." பிறகு ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தாள். காலண்டர் பூக்களை விரலால் நீவினாள். மஞ்சள் விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டாள். இரவு நான்தான் சமைத்தேன். பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "பூண்டு கருகிட்டு" என்றாள். ஆனால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. தாராவியில் எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. இங்கே வந்ததிலிருந்து நான் திறந்ததே இல்லை. கனி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் கஸ்தூரி அக்கா உட்கார்ந்து பாதிக் கீரையைத் தன் மடியில் வைத்திருந்தார். இவ்வளவு நாளில் வாடகை வாங்க வந்தால்கூட அவர் என் வாசலில் நின்று பேசியதில்லை. "உங்க வூட்டுக்காரரு பெரிய பக்திமான்க்கா. சனிக்கெயம ஆனா தவறாம அவல் படைப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றுவதில் கவனமாக இருந்தேன். "ஆமாக்கா, அங்கயும் அப்படித்தான். தினமும் படைப்பாக" என்றாள் கனி. வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அப்போது கஸ்தூரி அக்கா கனியின் விரலைப் பார்த்தார். "இன்னாக்கா, செவந்துகீது?" "டீ இறக்கையில சுட்டுட்டு. அங்க அடுப்புக்கு மேல ஆணியில இடுக்கி தொங்கும். கை பழக்கத்துல சுவத்துக்குப் போயிட்டு சும்மா வருது." அவள் கையும் அதே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. "அதுக்கு இன்னா, ஒரு ஆணிதானே, அட்ச்சிக்கோங்க" என்றார் கஸ்தூரி அக்கா. "நீங்க அடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றேன் நான். "டிவி மாட்டத்தான்ணா வாணாம்னேன். ஒரு கரண்டி மாட்றதுக்கு நான் இன்னா சொல்லப் போறேன்? நீங்க கேக்கவே இல்லியே. அந்த பேஸ்ட்டு தடவி வெச்சிருக்கறத வாடக வாங்க வந்த அன்னிக்கே பாத்துட்டேன், நீங்களே சொல்லுவீங்கன்னு சும்மா இருந்தேன்." கனி கீரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள், "கேட்டிருந்தாத்தான? அவுக வாயத் தொறக்க ஒரு நாள் பாத்து வைக்கணும்."

அந்த வார்த்தை என்னோடு உள்ளே வந்தது. ஆணிக்கு மட்டுமா நான் கேட்காமல் இருந்தேன். பேக்கரியில் கேட்கவில்லை. போஹா என்னவென்று சொல்லவில்லை. வீட்டைப் பார் என்று கனியிடம் சொன்னேனே தவிர, வந்துவிடு என்று சொல்லவே இல்லை. திரை தைத்தேன், பூ வெட்டினேன், பல்பு மாற்றினேன். ஒரு வார்த்தை பேச வெட்கப்பட்டு ஒரு மாதம் வீட்டை அலங்கரித்திருக்கிறேன்.

அவள் கிளம்ப வேண்டிய நாள் காலையில் அவளுக்கு முன்பே எழுந்து தேநீர் போட்டேன். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இங்கயே இருந்துரேன் கனி" என்றேன். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். "இத போன்ல கேட்டிருந்தா ரெண்டு வீட்லயும் சொல்லிட்டு வந்திருப்பேன்" என்றாள். பிறகு, "பிள்ளைக்குப் பிரசவம் இருக்கு. அத விட்டுட்டு எப்படி வர?" என்றாள். சரி என்றேன். "மாண்டணி இப்ப வராது, அங்கயே இருக்கட்டும்" என்றாள் இன்னும் மெதுவாக. அதற்கும் சரி என்றேன்.

குளித்துவிட்டு வந்து, தன் பையின் அடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தாள். பிரித்தால் எங்கள் இடுக்கி. கைப்பிடியில் நூல் சுற்றியது நான்தான், பட்டறை நூல். வரும்போதே கொண்டு வந்திருக்கிறாள். நாலு நாளும் பையிலேயே வைத்திருந்திருக்கிறாள், விரலைச் சுட்டுக்கொண்டுகூட. ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அதை மட்டும் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. "ஆணி இருக்கா?" என்றாள். டேவிட் கொடுத்த கான்கிரீட் ஆணி ஒன்று எப்போதிருந்தோ சட்டைப் பையில் கிடந்தது. பற்பசைத் திட்டின் நடுவில் வைத்து, அம்மிக்குழவியால் அவளே அடித்தாள். மாடியிலிருந்து கஸ்தூரி அக்கா, "மெள்ளக்கா, வூடு ஆடுது" என்றார். கனி இடுக்கியை மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் நேராக்கினாள்.

இப்போது வீட்டில் இருக்கும்போது கதவைத் திறந்துதான் வைக்கிறேன். பேக்கரியில் இனிப்பு பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போஹாவைப் பற்றி மட்டும் இன்னும் உண்மை சொல்லவில்லை. காலையில் தேநீர் பொங்கும்போது கை மேலே போகிறது, இடுக்கி கையில் வருகிறது. இன்று அந்த நேரத்தில் போன் அடித்தது. "என்ன செய்யுதீக?" "டீ இறக்குறேன். நீ?" "நானும் அதான். கையச் சுட்டுக்கிட்டேன்." ஒரு இடுக்கி வாங்கிக்கொள்ளேன் என்றேன். தாராவி சந்தில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வாங்கல" என்றாள். "பிரசவம் முடியுற வரைக்கும் இங்க அந்த ஆணி சும்மா கிடக்கட்டும்."