புடவைக் கேள்வி

திருப்பதியில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. சமூக அறிவியலை இனி நாங்கள் சொல்லித் தரக் கூடாது, பிள்ளைகளே கேள்வி கேட்டு, விசாரித்து, விடை தேட வேண்டும் என்று ஒருவர் மூன்று நாளும் தெலுங்கில் விடாமல் சொன்னார். எங்களில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தால் போதும்டா சாமி என்றிருந்தது.

ஆனாலும் ஆந்திர எல்லை ஊரான நகரியில், என் நாலாம் வகுப்பில் முயன்று பார்த்தேன். தமிழ் மீடியத்தில் மிச்சமிருந்தது பதினோரு பிள்ளைகள். "உங்க தெருவப் பத்தி ஆளுக்கொரு கேள்வி கொண்டாங்க" என்றேன். மறுநாள் பத்துப் பேர் பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளைப் பார்த்து எழுதி வந்தார்கள். கேள்வி என்றால் அவர்களுக்கு அதுதான், பாவம். எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மா தெனம் தறி ஓட்டிக்கினே கீது. அது நெய்யிற புடவைல ஒண்ணுகூட ஏன் எங்க வூட்ல இல்ல?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தேன்.

அந்த வாரமே கல்வி அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பிள்ளைகள் குறைவு, தமிழ்ப் பிரிவை மூடிவிடலாமா என்று பார்க்கத்தான் வருகிறார். தலைமை ஆசிரியர் கரும்பலகையைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"மேடம், அன்னிக்கி ஸ்கூல் கமிட்டில இருக்கற தறி மொதலாளிங்களும் வந்து உக்காருவாங்க. இது வேணாம். வேற எதனா எழுதிக் குடுங்க, நம்ம பிரிவு பொழைக்கட்டும்."

அழித்தேன். பதினோரு கேள்விகளை நானே எழுதி, ஆளுக்கொன்றாகப் பிரித்து, நாலு நாள் மனப்பாடம் செய்ய வைத்தேன். அவளுக்குக் கொடுத்தது: 'நமது ஊரில் எத்தனை வகைத் துணிகள் நெய்யப்படுகின்றன?' எழுதும்போதே எனக்குக் கூசியது.

அதிகாரி முன்னால் அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டாள். அவர் கைதட்டினார். பிரிவு பிழைத்தது. தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டேன்.

"அந்தப் புடவைக் கேள்விய இன்னிக்கிக் கேளும்மா. எல்லாரும் சேந்து விசாரிக்கலாம்."

அவள் நோட்டைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"எழுதிக் குடுங்க டீச்சர். மனப்பாடம் பண்ணிக்கினு வந்து கேக்கறேன்."