நான் எழுதிக் கொடுத்த பேச்சு

எங்கள் பாடசாலையில் பேச்சுப் போட்டி என்றால் பேச்சை எழுதுவது நான். பாடமாக்கி ஒப்புவிப்பது பிள்ளைகள். பரிசு கிடைத்தால் இரு தரப்புக்கும் பெருமை. அதில் பிழை இருப்பதாக ஒருவரும் நினைத்ததில்லை, தமிழ் படிப்பிக்கும் நான் உட்பட.

கைபேசியில் ஏஐயிடம் கேட்டுக் கட்டுரை எழுதி வந்த பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தவளும் நானே. அதை முழுதாகத் தடைசெய்வதா என்று முடிவெடுக்க அதிபர் கூட்டம் வைத்தார். மாணவரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் சொன்னது. "நல்லாக் கதைக்கிற பிள்ளையொண்டை ஆயத்தப்படுத்துங்கோ ரீச்சர்," என்றார் அதிபர் என்னிடம்.

கண்டாவளைப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் உயர்தர மாணவி ஒருத்தியைத் தெரிவு செய்தேன். வழக்கம்போல ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "சொந்தச் சிந்தனையை மழுங்கடிக்கும் இதனை மாணவராகிய நாம் வேண்டோம்" என்று தொடங்கும். எனக்கு அந்த வரி நன்றாகவே பிடித்திருந்தது.

கூட்டத்தில் எழுந்து வணக்கம் சொல்லி, அந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவித்தாள். பிறகு நின்றுவிட்டாள். மறந்துவிட்டாளாக்கும் என்று அடுத்த வரியை வாயசைத்துக் காட்டினேன்.

"இது ரீச்சர் எழுதித் தந்தது, சேர். நான் என்ர கதையைச் சொல்லட்டோ?"

அதிபர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இரசாயனவியல் ரீச்சர் வேற பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனாப்பிறகு எங்களுக்கு ஆளில்லை. நான் கணக்கைச் செய்துபோட்டு, எங்க பிழை விட்டனான் எண்டு ஏஐட்டத்தான் கேக்கிறனான். டியூசனுக்குப் போய்வர பஸ் இல்லை. இதையும் மறிச்சா, சோதினைக்கு நான் ஆரிட்டக் கேக்கிறது?"

"அப்ப என்ன செய்யலாம் எண்டு நீரே சொல்லும் பாப்பம்," என்றார் அதிபர்.

சற்று யோசித்தாள். "முதல் நாங்கள் எழுதவேணும். பிறகு கேக்கலாம். கேட்டதை மறைக்கக்கூடாது. ஆர் எழுதினது எண்டு கீழ போடவேணும்."

அதையே விதியாக வைப்பதென்று முடிவானது, தடை யோசனை கைவிடப்பட்டது. என் எழுத்து வடிவானது என்பதால் அதைக் கரும்பலகையில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுதினேன். கோபம் வந்தது உண்மை.

அடுத்த நாள் என் அலுமாரியைத் திறந்தேன். பழைய பேச்சுகள் கட்டுக்கட்டாக இருந்தன, எல்லாம் என் கையெழுத்தில். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் பெயர் இருந்தது. வெட்கமாகிவிட்டது. அந்தப் பெயர்களையும் நானே எழுதியிருந்தேன்.