உயிரோடிருந்த மாப்பிள்ளைக்குத் துட்டி

நான் கட்டிக்கொள்ள இருந்தவர் செத்துப் போனதை நான் டிவியில் பார்த்தேன். பயப்பட வேண்டாம், ஆள் சாகவில்லை. சாகாத மனிதருக்கு நாங்கள் ராயகிரியிலிருந்து பஸ் ஏறிப் போய்த் துட்டி கேட்டோம், அதாவது சாவுக்குத் துக்கம் விசாரித்தோம் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

காட்டுக்குள் போனவர்கள் திரும்பவில்லை, அவர்கள் எடுத்த வீடியோ மட்டும் கிடைத்தது, இதோ பாருங்கள் என்று ஆட்டம் ஆட்டமாக ஒரு பேய்ப் படம் காட்டுகிறார்களே, இப்போது அது தெருவுக்கு நாலு வருகிறது. எண்பதுகளில் எங்களுக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது. சினிமா என்றால் பொய். அதில் பாட்டு வரும், சண்டை வரும், செத்தவன் அடுத்த படத்தில் வருவான். வீடியோ என்றால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. நம்ம சித்தப்பா சாப்பிடுவதும் நம்ம அத்தை மூக்கைச் சிந்துவதும் அதில் அப்படியே இருக்கும். வீடியோவில் ஒன்று வந்துவிட்டால் அது நடந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு ஊர் தென்காசி. அவர் அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். இவரைக் கடையில் உட்காரச் சொன்னால் முள்ளில் உட்காரச் சொன்ன மாதிரி நெளிவார். கடையநல்லூரில் இவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவருடைய அண்ணன் துபாயிலிருந்து வீடியோ கேமரா கொண்டுவந்து கொடுக்க, கூட்டாளி கல்யாண வீடுகளில் படம் எடுத்தார், இவர் கூடப் போய் லைட் பிடித்தார். எங்கள் பக்கத்து வீட்டு மதினியின் தங்கை கல்யாணத்துக்கு லைட் பிடிக்க வந்த இடத்தில்தான் என்னைப் பார்த்திருக்கிறார். பொண்ணு மாப்பிள்ளை மேல் விழ வேண்டிய வெளிச்சம் அந்தக் கேசட்டில் பாதி நேரம் பந்தல் ஓரத்தில் என் மேல் விழுந்து கிடக்கும். பிறகு முறைப்படி பெண் கேட்டு வந்தார்கள், அப்பாவுக்கும் பிடித்துப் போனது, நிச்சயம் செய்து தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

இடையில் கல்யாணம் இல்லாத மாதம் வந்தது. இரண்டு பேருக்கும் கை சும்மா இருக்குமா? குற்றாலத்தில் சாரல் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, செண்பகா அருவிக்கு மேலே ஏறி ஒரு பேய்ப் படம் எடுத்துவிட்டார்கள். நடிக்க வேறு ஆள் கிடையாது, பாட்டு கிடையாது, பேய்க்கு வேஷம் கட்ட வழி கிடையாது. அதனால் பேயைக் காட்டுவதே இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். தூரத்துப் பாறையில் ஒரு வேட்டி அசையும், பேய் அவ்வளவுதான். கூட்டாளி கேமராவோடு பின்னால் வர, இவர் முன்னால் நடப்பார். கடைசியில் இவர் ஒரு அலறல் அலறுவார், கேமரா கீழே விழும், புல்லும் வானமும் தலைகீழாகத் தெரியும். அந்த அலறலில் நடிப்பு ஒன்றும் இல்லை. இவர் மடியில் கட்டியிருந்த வேர்க்கடலையைக் குரங்கு வந்து பறித்துக்கொண்டு போயிருக்கிறது.

அதற்கு மேல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் கூட்டாளி பேசிச் சேர்த்தார். குற்றாலம் மலைக்குப் போன இந்த இரண்டு இளைஞர்களும் திரும்பவே இல்லை, இந்தக் கேசட் மட்டும் பாறை இடுக்கில் கிடைத்தது என்று. புதுக் கேசட் கைவசம் இல்லாமல், மதினி வீட்டுக் கல்யாணக் கேசட்டின் கடைசியில் இருந்த வெற்று இடத்தில் இதைப் பதிந்து வைத்து, பதிந்ததை மறந்து, அதையே யாரோ ஊர்ப்பக்கம் வந்தவர் கையில் மதினி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியும்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவையே கூப்பிட்டுக் கல்யாணத்தைப் போட்டார்கள். தாலி கட்டினார்கள், பந்தி முடிந்தது, கொஞ்ச நேரம் வெறும் புள்ளியாக ஓடியது. மதினி அணைக்க எழுந்தபோது அந்தக் குரல் கேட்டது. திரையில் அவர் நடந்து வந்தார். நிச்சயத்துக்கு எங்கள் வீட்டில் எடுத்துக் கொடுத்த சந்தனக் கலர் சட்டை. நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறாரே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அலறல், புல், வானம். கூடத்தில் இருந்த எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

ஒரு வார்த்தை பேசியிராத மனிதருக்காக அப்படி அழுகை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்பா அழவில்லை, கொதித்தார். சாவு நடந்த வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பித் துட்டி சொல்ல வேண்டாமா, நம்மை இவ்வளவுதான் மதித்தார்களா என்று கேட்டார். போன் போட்டுக் கேட்கலாம் என்றால் போஸ்ட் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அப்பா, அம்மா, சித்தப்பா, மதினி எல்லோரும் கிளம்பினார்கள். கல்யாணமாகாத பெண் துட்டிக்கு வரக்கூடாது என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடையநல்லூர் தாண்டும்போது எங்கள் அழுகையைப் பார்த்துக் கண்டக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தென்காசியில் அவர்கள் தெரு முனை வந்ததும் அம்மாவும் மதினியும் வழக்கப்படி தலையை விரித்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஒப்பாரியோடு போய் நாங்கள் வாசலில் நின்றால், கதவைத் திறந்தது அவர். முகத்தில் பாதி சோப்பு, கையில் ஷேவிங் பிரஷ்.

"வாங்க மாமா," என்றார்.

துட்டிக்கு வந்தவர்களை யாரும் வாங்க என்று கேட்பதில்லை. அம்மா பாதி ஒப்பாரியில் நின்றாள். மதினிதான் பாவம், கண்ணை மூடிக்கொண்டு பாடியதால் இன்னும் நாலு வரி போய்விட்டது.

உள்ளே உட்கார்ந்து விஷயம் வெளியே வந்தபோது தெருவே வாசலில் நின்று சிரித்தது. அவர் குரங்கு, வேர்க்கடலை என்று எங்கெங்கோ ஆரம்பித்தார், யார் காதிலும் ஏறவில்லை. அப்பாவுக்குக் கேவலமாகப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ வேறு ஆத்திரம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்த வீட்டில் பெண் எடுத்தால் குடும்பம் விளங்குமா என்று கேட்டார். அம்மா சும்மா இருப்பாளா? பிள்ளையைச் சாகடித்துப் படம் காட்டியது யார் என்று திருப்பிக் கொடுத்தாள். பேச்சு தடித்தது. கடைசியில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்.

"அழுதுட்டு வந்த வாசல்ல நல்ல காரியம் பேசப்பிடாது அண்ணாச்சி. இதோட விட்டுருவோம்."

அவர் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். தை மாதம், குறித்த நாள், எடுத்த சேலை, எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் முடிந்தது.

துட்டி கேட்டவர்கள் கிளம்பும்போது சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வர வேண்டியிருக்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அப்பா அப்படித்தான் எழுந்தார். சித்தப்பா எழுந்தார். மதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். இவ்வளவு தெரிந்த பிறகும், கண் முன்னால் நிற்கிற மனிதரைச் செத்தவராகவே வைத்துவிட்டு எல்லோரும் போகிறார்களே என்று எனக்கு வந்ததே ஒரு கோபம்! அவருக்காக அன்று காலையிலிருந்து அழுதவள் நான். அவர் உயிரோடு கதவைத் திறந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நான் கையை உருவிக்கொண்டு வாசற்படியில் நின்று திரும்பினேன். அவர் முகத்தில் சோப்பு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வாரேன்," என்றேன்.

அவர் அவசரமாக முகத்துச் சோப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் அம்மாதான் என்னை மேலும் கீழும் பார்த்தார். அழுது வீங்கிய என் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும், அவர் கண்ணும் நிறைந்துவிட்டது.

"போயிட்டு வா தாயி," என்றார்.

அப்பா தெருவில் நின்று என்னையே பார்த்தார். நடுத்தெருவில் அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், படி ஏறி உள்ளே வந்தார், எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, காப்பி போடச் சொல்லுங்க," என்றார்.