கருவாட்டோடு காய்ந்த லப்டொப்

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் இரண்டு கரைச்சல் ஒன்றாய்த் தொடங்கியது. லப்டொப் திறக்கவில்லை, அக்காவின் பிள்ளை வாய் மூடவில்லை.

பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். அத்தான் சரக்குக் கப்பலில் வேலை, அவள் பிறக்க முன்னமே போனவர். கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பார். பிள்ளை வீரிட்டு அழும், அவர் அந்தப் பக்கம் சந்தோசத்தில் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த பிள்ளை அந்தச் சத்தம் மட்டும்தான். சனிக்கிழமை கப்பல் சிங்கப்பூரில் நிற்கும், கரையில் இறங்கி ஈமெயில் பார்ப்பன், படம் அனுப்பிவையுங்கோ என்று சொல்லியிருந்தார். அதை விட்டால் அடுத்த கரை எப்போதென்று அவருக்கே தெரியாது. படங்கள் முழுக்க லப்டொப்புக்குள். எடுத்த கமரா இரவல், அதில் இருந்ததை அழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

வயரைக் குத்தினேன். வேறு பிளக்கில் குத்தினேன். பொத்தானை அமத்திப் பிடித்தேன், கெஞ்சினேன், கடைசியில் தலையில் ஒரு தட்டும் தட்டினேன். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. கொம்பியூட்டர் படிச்சவராம் என்று அக்கா பிள்ளையைத் தோளில் போட்டபடி நக்கலடித்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு அண்ணர் படகு எஞ்சின் திருத்துபவர். மூடியைத் திறந்து மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டு, உப்புக்காத்து உள்ளுக்குப் போட்டுது, காயவைக்கவேணும் என்றார். வேறு என்ன செய்ய? அவருடைய முற்றத்தில் கருவாடு காய்ந்த தட்டியிலேயே ஒரு மூலையில் அதையும் விரித்து வைத்தோம். காகத்துக்கு நான் காவல். வெள்ளிக்கிழமை பின்னேரம் தூக்கிப் பார்த்தால் வழமையைவிட இலேசாய் இருந்தது. ஈரம் வத்தினால் அப்படித்தான், கருவாடும் இலேசாத்தானே வரும் என்றார் அண்ணர். நானும் ஓம் என்றேன், மடையன்.

பிள்ளையின் அழுகையும் நிற்கவில்லை. அக்கா ஓமத்தண்ணி பருக்கினாள், செத்தல் மிளகாய் போட்டு நாவூறு கழித்தாள். தோளில் கிடந்தால் சத்தமில்லை, ஏணைத் தொட்டிலில் போட்டால் வீரிடுவாள். கள்ளி, தோள் பழகிப்போட்டாள் என்று பிள்ளைக்கும் ஏச்சு விழுந்தது.

சனிக்கிழமை விடிய, ரவுணில் தெரிந்த ஒருவரின் கொம்பியூட்டர் கடைக்கு வெளிக்கிட்டேன். சந்தியில் நேவிக்காரன் ஒருவன் காவல் நிற்கும் சென்றி. அதைத் தாண்டவேண்டுமென்றால் எந்தக் கரண்ட் சாமானையும் போட்டுக் காட்டவேணும், அது குண்டில்லை என்று தெரியவேணுமாம். நான் சொன்னேன், வேலை செய்யாது, அதுதான் திருத்தக் கொண்டுபோறன் என்று. வேலை செய்தால் போகலாம் என்றான் அவன். வேலை செய்தால் நான் ஏன் ராசா போகிறேன்? மனதுக்குள்தான் கேட்டேன்.

அவன் மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். பிறகு, இரண்டு நாளாய் நாங்கள் ஒருவரும் செய்யாத வேலையைச் செய்தான். லப்டொப்பைப் பிரட்டினான். கீழ்ப்பக்கத்தில் பெரிய வெறும் பள்ளம். சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"பற்றரி எங்க?"

தெரியாது என்று சொன்னால் ஆர் நம்புவான்? என்னை முன்னால் நடக்கவிட்டு, இன்னொருவனோடு வீட்டுக்கு வந்தான்.

கேற்றடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும், அக்காவின் கை தன்பாட்டில் ரேடியோவுக்குப் போனது. பற்றரிகளைக் கழற்றி, பிள்ளை கிடந்த ஏணைச்சீலையின் மடிப்புக்குள் செருகியது. எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னால். பிழை அவளுடையதில்லை. ஒரு காலத்தில் குண்டுக்கென்று சொல்லி, பற்றரி வைத்திருந்ததற்கே ஆட்களைப் பிடித்தார்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. வியாழன் காலமையும் நேவிக்காரர் வீட்டுக்குச் செக்கிங்குக்கு வந்தவர்கள்தானே.

அக்கா தன் கையைத் தானே பார்த்தாள்.

"ஐயோ தம்பி," என்றாள்.

பிள்ளையைத் தூக்கி, சீலையின் அடிமடிப்புக்குள் கையை விட்டாள். ரேடியோப் பற்றரிகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால், செங்கல்லுப் போல, லப்டொப் பற்றரி. இரண்டு நாளாய்ப் பிள்ளையின் நாரி முதுகுக்குக் கீழே கிடந்திருக்கிறது.

நேவிக்காரன் அதைப் பொருத்திப் பொத்தானை அமத்தினான். பற்றரி இல்லாமல் வயரிலும் ஓடாத அந்தக் கிழடு உறுமிக்கொண்டு எழும்பியது. திரை முழுக்கப் பிள்ளையின் முகம். அவன் திரையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். பேபிக்கு சார்ஜ் போட்டதா என்று கேட்டுவிட்டு, போ போ என்று கையைக் காட்டினான். நான் படம் அனுப்ப ரவுணுக்கு ஓடினேன்.

பின்னேரம் அத்தானின் போன் வந்தது. படம் எல்லாம் பார்த்திட்டன் என்றார். "முகத்தைக் கண்டிட்டன். இப்ப ஒருக்கால் அவளின்ர சத்தத்தையும் கேட்கவேணும்."

பிள்ளை ஏணையில் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. அக்கா காலைத் தடவினாள், கூப்பிட்டாள், கன்னத்தைத் தட்டினாள். நான் கிலுக்கட்டியை ஆட்டினேன். இரண்டு நாள் ஊரை எழுப்பினவள் அசையவில்லை. நுள்ளவோ என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்தாள்.

எழுப்பவேண்டாம், மூச்சுச் சத்தம் போதும் என்றார் அத்தான். அக்கா போனைப் பிள்ளையின் மூக்கடியில் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றாள். அவருடைய போன் காட் முடியும்வரைக்கும் நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை.