பால் வாங்கப் போனவர்

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. மாணவிகள் வைத்த பெயர் தூசி அக்கா. சொட்டுப் பாலைத் தண்ணீரில் கலந்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத, தூசி போன்ற கொழுப்புத் துணுக்குகள் பைத்தியம் பிடித்தாற்போல் அங்குமிங்கும் துள்ளும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு துணுக்கு இருக்கும் இடத்தைத் தாளில் புள்ளியாக வைக்க வேண்டும்.

"எந்தப் பக்கம் போகும்னு யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு தூரம் போகும்னு சுமாரா சொல்லலாம். நாலு மடங்கு நேரமானா ரெண்டு மடங்கு தூரம். தலைகீழா நின்னாலும் அவ்வளவுதான்" என்பாள். பேராசிரியர் சொல்லி விளங்காதது அவள் சொன்னால் விளங்கிவிடும்.

அந்தப் பாலை வாங்கித் தருவது முதல் நாளிலிருந்தே அவள் வீட்டுக்காரர் வேலை. அவருக்கு ஞாபகம் மொத்தமாகத் தப்பிய பிறகும் அது மட்டும் தப்பவில்லை. ஒரு நாள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம்.

"எங்க போறோம்னே தெரியாம சுத்திட்டிருப்பாரும்மா" என்றார் போலீஸ்காரர். அப்படியானால் கணக்கு இருக்கிறதே என்று அவளுக்குத் தெம்பு வந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் அரை கிலோமீட்டர். மூலைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். அறுபத்து நாலு மணி நேரமானாலும் எட்டு மடங்கு தூரம்தான், நாலு கிலோமீட்டர். வரைபடத்தில் வட்டம் போட்டுச் சந்து சந்தாகத் தேடினாள்.

"நீங்க முன்னாடி குடியிருந்த வீட்டுப் பக்கம் பார்த்தியாக்கா?" என்று அன்று இரவே தம்பி கேட்டான்.

"பன்னிரண்டு கிலோமீட்டர்டா! வழி தெரியாதவர் அவ்வளவு தூரம் போவாரா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்துதான் தகவல் வந்தது. குடியிருந்தவர்கள் வெளியூர் போய்த் திரும்பியபோது, வாசற்படியில் கதவில் சாய்ந்தபடி இருந்தார். உயிர் இல்லை. மடியில் பால் பாக்கெட்.

"முந்தாநாள் சாயங்காலமே வந்துட்டார்மா. 'எழுந்திரும்மா, காலேஜுக்கு நேரமாச்சு'ன்னு கதவைத் தட்டிட்டிருந்தார். அந்த வீட்டுக்கு வேண்டியவர், அவங்க வர்றதுக்காக உக்காந்திருக்கார்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

காணாமல் போன அன்று சாயங்காலமே. தம்பி சொன்னதைக் கேட்டிருந்தால் உயிரோடு பார்த்திருப்பாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

லீவு முடிந்து வேலைக்கு வந்தாள். புது வகுப்பு. பாலைக் கலந்து, "நாலு மடங்கு நேரமானா..." என்று தொடங்கியவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"என்னாச்சுக்கா?" என்றாள் ஒருத்தி.

"இந்தக் கணக்கு போற இடம் தெரியாததுக்கு மட்டும்தாம்மா. அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு."