கரையில் வடியப் போட்ட களை

கேரட் தோட்டத்தில் பூச்சிமருந்து கலக்கி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள் ஜெயா. மலையூர் ஏரியில் களை எடுக்கும் கூலி வேலை கிடைத்த பிறகுதான் அந்த இருமல் அடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் சொந்த நிலம் கிடையாது. ஏரி வேலை போனால் மறுபடி மருந்துதான்.

தட்டைப் படகில் நின்று, கொக்கிக் கழியால் நீருக்கடியிலுள்ள களையை இழுத்துக் கரையில் குவிப்பார்கள். நீர் வடிந்து எடை குறைந்த பிறகே லாரி வரும். அதுதான் வழக்கம்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று, மேற்பார்வை பார்க்கும் பழனிக்காரன் சிவமுருகன் குவியல்களைப் பார்த்துத் தயங்கினான். "இன்னைக்கே ஏத்திரலாமாக்கா?"

"ஈரத்தோட ஏத்துனா லாரி ரெண்டு நடை கூட ஓடணும் தம்பி. வடியட்டும்," என்றாள் ஜெயா.

கூட வேலை செய்யும் வடிவு சிரித்தாள். "டூரிஸ்ட் வண்டியே இ-பாஸ் எடுக்காம வர முடியாது, புயலு எப்பிடி மலையேறும்? கீழயே மறிச்சுருவாங்க!"

புயல் யாரையும் கேட்காமல் ஏறி வந்தது.

மழை விட்டபோது மேல்சரிவுத் தோட்டங்களின் மண்ணும் உரமும் ஏரிக்குள் கிடந்தன. தண்ணீர் தேநீர் நிறத்தில் நின்றது. கரையில் ஒரு குவியல்கூட மிச்சமில்லை; எல்லாம் உள்ளே போயிருந்தது. நீருக்கடியில் நின்ற களையையும் சேறு மூடிவிட்டது.

"நம்ம சோலியப் புயலே முடிச்சிருச்சுக்கா. கொக்கிக்கு ஒண்ணும் மாட்டல. சொல்லி அனுப்புற வரைக்கும் வராதீக," என்றான் சிவமுருகன்.

வடிவுக்கு அது லீவு மாதிரி இருந்தது. ஜெயா கூலி இல்லாத நாட்களை எண்ணினாள். இரண்டொரு நாளில் மருந்து கலக்க ஆள் கேட்டுக் கேரட் தோட்டத்துக்காரரின் போன் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினாள்.

பிறகு காற்றே இல்லாத வெயில் வந்தது. ஏரி பச்சையாகக் குழம்பி நாறியது. சாலையோரம் நின்று ஜெயா பார்த்தாள். விளிம்பெங்கும் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்துச் சுற்றுலா வந்தவர்கள் பன் பிய்த்துப் போட்டார்கள். ஒரு மீனும் தொடவில்லை. அந்த வாய்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு முட்டியது. பழைய இருமல் ராத்திரிகளில் இவளும் அப்படித்தான் காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளனே சிவமுருகன் கூப்பிட்டான். "சோலி வந்திருக்குக்கா."

சாக்கும் கையுறையும் கொடுத்தார்கள். செத்த மீன் அள்ளும் வேலை.

"என்னாத்துக்குத் தம்பி இப்பிடிச் சாவுது?"

"களை அடியில அழுகுதாம்க்கா. தண்ணியில இருந்த காத்தையெல்லாம் அது தின்னுருச்சாம். தண்ணிய டெஸ்ட் எடுத்தவங்க சொன்னாங்க."

"நம்ம குமிச்ச களையா?"

"சேறு, உரம், எல்லாந்தான்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஒன்னயக் கேட்டுக்கிட்டா புயலு அள்ளிட்டுப் போச்சு? பேசாம அள்ளுடீ," என்றாள் வடிவு. அவள் குரலில் சிரிப்பு இல்லை.

சாக்கில் போடும்போது சில மீன்களின் செவுள் இன்னும் அசைந்தது. திருப்பித் தண்ணீரில் விட ஜெயாவுக்குக் கை வரவில்லை. அங்கே மட்டும் என்ன இருக்கிறது?

மீன் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது.

அவளே தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டாள். காலையில் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது. ஏரிக்கு மேலே, புயலில் மண் அரித்துப் போன அதே சரிவில், புதிதாகப் பாத்தி பிடித்து உரம் கொட்டியிருந்தார்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரம்மில் மருந்தை ஊற்றிக் கலக்கினாள்.

அடித்த மருந்து, தப்பி நின்ற கேரட் இலைகளில் காயும் முன்பே மழைமேகம் சரிவில் இறங்கிவிட்டது; கீழே ஏரி கிடந்தது.