ரெட்டைச்சடைக்குக் குரல் கொடுத்தவள்

கீச்சு என்ற பேரை நான் முதல்முதலாகக் கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில். என் ஓரகத்திக்குப் பித்தப்பையில் கல் எடுத்த அன்றைக்கு. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "டிவி போட்டாச்சா? நம்ம கீச்சு வர்ற நேரம்." கீச்சு அவளுடைய கூடப்பிறந்த தங்கை மகள். குரல் குருவிக்குஞ்சு மாதிரி இருக்கும், அதனால் வந்த பேர்.

போட்டோம். அரைமணி நேரம் பார்த்தும் அந்தப் பெண்ணைக் காணோம். வெறும் பொம்மைகள்தான். ஓரகத்தி சொன்னாள்: "அந்த ரெட்டைச்சடை இருக்குல்ல, அதுக்குக் கீழ உக்காந்திருக்கா."

சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி அது. எங்கள் ஊரில் ஏழு வகை ஜனங்கள் உண்டு. வகைக்கு ஒரு பொம்மையாக ஏழும் ஒரே தெருவில் சிரித்துக்கொண்டே குடியிருக்கும். ரெட்டைச்சடை மலைப்பக்கத்து ஜனம். எங்கள் ஜனத்துக்கும் ஒரு பொம்மை உண்டு, கடைக்காரர். வாரத்துக்கு ஒரு தரம் ஜன்னலைத் திறந்து கையசைப்பார். வாய் பேசமாட்டார்.

பொம்மை ஆட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் தலைக்குள் வலது கையை விட்டு வாயசைத்து, மற்ற கையால் பொம்மையின் இடது கையை ஆட்டி, குரலும் கொடுப்பார். இன்னொருத்தர் பொம்மையின் வலது கைக்கு மட்டும். இரண்டு பேரும் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, தரையில் இருக்கிற குட்டி டிவியைப் பார்த்தபடியே செய்ய வேண்டும். ரெட்டைச்சடையின் தலை பதினொரு வருஷம் கீச்சுவிடம் இருந்தது. வலது கை ஒரு மலைப்பக்கத்துக்காரரிடம். கரகரத்த தொண்டை, பேச்சு கம்மி. வலதுகை என்றே அவரைக் கூப்பிடுவார்கள்.

அப்புறம் ஒற்றுமைக்கென்றே புதிதாக ஒரு அதிகாரி வந்தார். வந்த வாரமே பட்டியல் போட்டார்: அந்தந்த ஜனத்துப் பொம்மையை அந்தந்த ஜனம்தான் ஆட்ட வேண்டும். கீச்சுவைக் கூப்பிட்டு, "உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. உங்களுக்குன்னு கடைக்காரர் இருக்கார்ல?" என்றார்.

"அவரு பேசவே மாட்டாரே சார்?"

"அதனால என்ன, உங்களுக்கு வேலை சுளுவு."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்: "பொம்மைதானே, விடு." அதற்கப்புறம் அவரும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சமைக்க ஆளில்லை.

புதுப் பட்டியல்படி படம் பிடித்த முதல் நாள், பார்க்க இருபது பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். வலதுகை தலையை மாட்டிக்கொண்டு, "செல்லங்களா, சௌக்கியமா?" என்றார். பிள்ளைகள் கப்சிப். ஒரு குட்டி மட்டும், "இது அவ அப்பாவா?" என்று கேட்டது. இன்னொன்று அழ ஆரம்பித்தது. சாயங்காலம் அதிகாரி பார்க்க வருகிறார். ரெட்டைச்சடையையே நிறுத்திவிடலாமா என்று மேலே பேச்சு அடிபட்டது.

வலதுகை பலகையை உருட்டிக்கொண்டு, கீச்சு உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஜன்னலுக்கு அடியில் வந்தார். "அக்கா, எனக்குக் கைதான் வரும். நீ வந்து பேசு. நான் வாயசைக்கிறேன்."

"பட்டியல்ல என் பேரு இல்லியேப்பா."

"பட்டியல்ல தலைங்க பேருதான் இருக்கு. கைங்களை எவன் எழுதினான்? எனக்குக் கைக்கு ஆள் இல்ல. நீ கைக்கு வா."

இவள் கடைக்காரரை ஜன்னல் கட்டையில் குப்புறப் போட்டுவிட்டுப் போனாள். பதினொரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மனுஷன், அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்பது அவருக்கு அத்துப்படி. வாய் இம்மி பிசகவில்லை.

அதிகாரி மேலேயிருந்து டிவியில் பார்த்துப் பூரித்துப் போனார். "பாத்தீங்களா, சொந்த ஜனம் கை வச்சதும் எவ்வளவு இயல்பா இருக்கு." வலதுகைக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டது.

நான் கீச்சுவிடம் கேட்டேன், "உனக்கு வயித்தெரிச்சலா இல்லையாடி?"

"ரெட்டைச்சடை எங்கிட்டதான இருக்கா பெரியம்மா. பத்திரத்தை அவர் வீட்ல மாட்டிக்கட்டும், எங்க வீட்டுச் சுவர்ல ஆணியே இறங்காது."

இப்போதும் அங்கேதான் வேலை. தலைக்கு அவர், வலது கைக்கும் குரலுக்கும் இவள். கடைசியில் ஓடுகிற எழுத்தில் கடைக்காரருக்கு நேரே அவள் பேர் போடுகிறார்கள்.